சிக்னலில் அணையும் கார்: பழுதை எங்கே தேடுவது?

“ஓடும்போது ஒரு தொந்தரவும் இல்லீங்க. சிக்னல்ல நின்னா மட்டும் ஆஃப் ஆகுது.” கோவை மேட்டுப்பாளையம் சாலையில் இருக்கும் என் பட்டறையில் அடிக்கடி கேட்கும் புகார் இது. இதையே பல விதமாகச் சொல்வார்கள். ஏசி போட்டால் வண்டி உதறுகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் நிற்பதில்லை. காலை எடுத்த பிறகும் ரேஸ் இறங்குவதில்லை. மீட்டர் முள் மேலும் கீழும் ஆடுகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் கொஞ்சம் தயங்கிவிட்டு, பிறகு குதிக்கிறது.

இப்படி வருகிறவர்களில் பலர் கையில் ஏற்கெனவே ஒரு கத்தை பில் இருக்கும். பிளக் மாற்றியாயிற்று, காயில் மாற்றியாயிற்று, பெட்ரோல் பம்பும் மாற்றியாயிற்று. பழுது மட்டும் அப்படியே இருக்கிறது. மாதச் சம்பளத்தில் தவணை கட்டி வண்டி வைத்திருப்பவர் இப்படிப் பணத்தை இறைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் நிலையான ஐடிலிங்கில் வரும் கோளாறுக்குக் குத்துமதிப்பாகப் பாகங்களை மாற்றிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. எப்போது வருகிறது, எந்த நிலையில் வருகிறது என்று ஒழுங்காக விசாரித்தாலே எங்கே தேட வேண்டும் என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும். அந்த விசாரணையைக் கார் வைத்திருக்கும் யாரும் செய்யலாம்.

கால் திறப்பது காற்றை

ஆக்சிலேட்டரை மிதித்தால் பெட்ரோல் பாய்கிறது என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். பெட்ரோல் காரில் நம் கால் திறந்துவிடுவது காற்றின் வழியை. ஏர் ஃபில்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் பாதையில் த்ராட்டில் பாடி என்ற அலுமினியக் கூடு இருக்கிறது. அதன் நடுவே ஓர் அச்சில் சுழலும் வட்டத் தட்டு. பட்டறையில் அதை பட்டர்ஃபிளை என்போம். மிதிக்க மிதிக்கத் தட்டு திறக்கும். காற்று கூடுதலாக உள்ளே போகும். போகிற காற்றைச் சென்சார் அளந்து சொல்ல, அதற்கேற்ற பெட்ரோலை இசியூ என்கிற கம்ப்யூட்டர் இன்ஜெக்டர் வழியாகத் தெளிக்கும். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். இந்தக் கணக்கு பிசகினால்தான் வண்டி உதறுவதும் அணைவதும்.

காலை எடுத்ததும் தட்டு கிட்டத்தட்ட மூடிக்கொள்ளும். அப்போதும் இன்ஜின் ஓட வேண்டுமானால் கொஞ்சம் காற்று உள்ளே போயாக வேண்டும். பழைய கேபிள் வண்டிகளில் தட்டைச் சுற்றிக்கொண்டு போக ஒரு தனித் துளையும், அதை வேண்டிய அளவு திறந்து மூட ஐடில் ஏர் கண்ட்ரோல் வால்வும் உண்டு. புது வண்டிகளில் ஒரு மோட்டார் அந்தத் தட்டையே மயிரிழை திறந்து வைத்திருக்கும்.

சூடேறிய நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் பொதுவாக நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்று வரை ஐடிலில் ஓடும். 800 சுற்று என்றால் நிமிடத்துக்கு 1600 முறை சிலிண்டர்களில் எரிப்பு நடக்கிறது. நெடுஞ்சாலையில் போகும்போது உள்ளே போகும் காற்று மிக அதிகம். வண்டியின் வேகமும் இன்ஜினை இழுத்துக்கொண்டு போகும். அங்கே சின்னக் குறைகள் அமுங்கிப் போகும். ஐடிலில் காற்றும் குறைவு, பெட்ரோலும் குறைவு, தாங்கிப் பிடிக்க வேகமும் இல்லை. ஊசி முனை அளவு ஓட்டைகூட அங்கே கணக்கைக் கெடுத்துவிடும். ஓடும்போது நன்றாக இருக்கிற வண்டி நின்றால் அணைவதற்குக் காரணம் இதுதான்.

ஸ்குரூ டிரைவரும் காதும்

நான் தொழில் பழகியது கார்புரேட்டர் வண்டிகளில். அம்பாசடர், பத்மினி, மாருதி 800. 1983 டிசம்பரில் வந்த மாருதி நாடு முழுவதும் பரவிய பிறகு அதன் கார்புரேட்டர் எங்களுக்குப் பாடப்புத்தகமே ஆயிற்று. ஜப்பானின் மிக்குனி தொழில்நுட்பத்தில் சென்னை யூகால் ஆலையில் தயாரானது அது. ஐடிலிங்குக்கு இரண்டு ஸ்குரூ: ஒன்று தட்டின் இடைவெளிக்கு, மற்றொன்று கலவைக்கு. எங்கள் பெரிய மேஸ்திரி பானெட்டைத் திறந்து வைத்து, கலவை ஸ்குரூவைக் கால் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே என்று திருகுவார். இன்ஜின் சத்தம் சீராக ஏறி நிற்கும் இடத்தில் கையை எடுப்பார். “காதுல விழுந்துதா? இதுதான்டா இடம்,” என்பார். மீட்டர் வைத்துச் சரிபார்த்தாலும் அவர் நிறுத்திய இடம் தப்பாது.

அந்த நாளில் எங்களுக்குக் காற்றைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தது ஊட்டி மலை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றின் அழுத்தம் 77 கிலோபாஸ்கல் அளவில்தான் இருக்கும். கடற்கரையில் அது 101. கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு இது தெரியாது. சமவெளியில் வைத்த அளவுக்கே பெட்ரோலை ஊற்றும். அதனால் குன்னூர் தாண்டியதும் டாக்ஸிகள் கரும்புகை விடும், ஐடிலிங் நிற்காது, பிளக் கறுத்துப்போகும். மலையில் ஓடும் வண்டிக்கு ஒரு டியூனிங், கீழே ஓடும் வண்டிக்கு ஒரு டியூனிங் என்று வைத்திருந்தோம்.

2000-ஆம் ஆண்டை ஒட்டிப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது கார்புரேட்டர் விடைபெற்று எம்பிஎஃப்ஐ என்ற இன்ஜெக்டர் முறை வந்தது. இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை மேப் சென்சார் அளக்கிறது. மலை ஏற ஏற பெட்ரோலை இசியூ தானே குறைத்துக்கொள்கிறது. இந்தச் சென்சாரைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து ஸ்கேனரில் பார்த்தால், அந்த ஊரின் காற்றழுத்தத்தை அது காட்ட வேண்டும். கோவையில் 96 கிலோபாஸ்கலை ஒட்டி, ஊட்டியில் 77-ஐ ஒட்டி. கோவையில் நிற்கும் வண்டி 80 காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டால் நல்ல இன்ஜினில் இது பொதுவாக 30-லிருந்து 40-க்குள் இறங்கி நிற்கும்.

முதலில் கேட்க வேண்டியவை

வண்டி வந்ததும் நான் பானெட்டைத் திறப்பதில்லை. ஓட்டுகிறவரை உட்கார வைத்துச் சில கேள்விகள் கேட்பேன்.

குளிர்ந்த இன்ஜினிலா, சூடான பிறகா? காலையில் மட்டும் அணைந்து, சூடேறியதும் சரியாகிவிட்டால் த்ராட்டிலில் கரி, ஐடில் வால்வு, வெப்பத்தை அளக்கும் சென்சார் ஆகிய மூன்றும் சந்தேகப் பட்டியலில் முதலில் வரும். ஓடி ஓடிச் சூடான பிறகு திடீரென்று அணைந்து, ஆறிய பிறகு ஸ்டார்ட் ஆனால் கிராங்க் சென்சார், பெட்ரோல் பம்ப் பக்கம் பார்ப்பேன்.

ஏசி போட்டாலா, ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தாலா? இரண்டுமே இன்ஜினுக்குப் பாரம் ஏற்றுபவை. கம்ப்ரசர் சேரும் நேரத்தில் இசியூ காற்றைக் கொஞ்சம் கூட்டித் தர வேண்டும். முள் சற்று இறங்கி உடனே ஏறினால் வண்டி ஆரோக்கியமாக இருக்கிறது. இறங்கியது அப்படியே கிடந்தால் காற்று வழி அடைத்திருக்கிறது.

முள் ஆடுகிறதா, வண்டி மட்டும் ஆடுகிறதா? பலர் கவனிக்காத கேள்வி இது. முள் ஒரே இடத்தில் நிற்க, ஸ்டீயரிங்கும் சீட்டும் மட்டும் அதிர்ந்தால் இன்ஜின் மவுண்ட் ரப்பர் நைந்திருக்கலாம். மூன்று சிலிண்டர் வண்டிகள் அமைப்பிலேயே நான்கு சிலிண்டரைவிடக் கொஞ்சம் அதிரும். புதிதாக வாங்கியவர்கள் அதற்குப் பயப்பட வேண்டாம். முள் சீராக ஏறி இறங்கி, ஏறி இறங்கி வந்தால் அதற்குப் பெயர் ஹண்டிங். தேவைக்கு மேல் காற்று உள்ளே போவதால் சுற்று ஏறுகிறது, கால் எடுத்த நிலையில் இவ்வளவு சுற்றா என்று இசியூ பெட்ரோலை நிறுத்துகிறது, சுற்று விழுகிறது, மறுபடி பெட்ரோல் தருகிறது. முள் இறங்கும்போது ஒழுங்கில்லாமல் துடித்தால் மிஸ்ஸிங், அதாவது சிலிண்டரில் எரிப்பு தவறுகிறது. பிளக், காயில், இன்ஜெக்டர், வால்வு என்று போக வேண்டும்.

பெட்ரோல் போட்டுவிட்டுக் கிளம்பும்போது மட்டுமா? அப்படியானால் டேங்கில் எழும் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு மூடாமல் திறந்தே கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் பம்ப் வரை மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, இது தொடங்குவதற்கு முன் வண்டியில் என்ன வேலை நடந்தது? பேட்டரி மாற்றினார்களா, ஏர் ஃபில்டர் மாற்றினார்களா, எல்பிஜி கிட் போட்டார்களா, புது மேட் போட்டார்களா? பழுதின் நுனி பல நேரம் அந்தப் பதிலில்தான் இருக்கும்.

விளிம்பில் படியும் கரி

த்ராட்டில் பாடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரு கருவளையம் தெரியும். தட்டின் விளிம்பு கூட்டோடு சேரும் இடத்தில் பிசுபிசுப்பாக, விரல் வைத்தால் ஒட்டும் கரி. ஏர் ஃபில்டர் புதிதாக இருந்தாலும் இது வரும். பிஸ்டன் பக்கத்திலிருந்து கசியும் வாயுவும் எண்ணெய் ஆவியும் பிசிவி வால்வு வழியாகத் திரும்ப இன்ஜினுக்குள் வருகின்றன. அந்த எண்ணெயில் தூசி ஒட்டி, சூட்டில் காய்ந்து, அடுக்கடுக்காகப் படிகிறது. டவுனுக்குள்ளேயே நின்று நின்று ஓடும் வண்டிகளில் இது சீக்கிரம் சேரும்.

மயிரிழை இடைவெளியில் அதே அளவு கரி படிந்தால் என்ன ஆகும்? ஐடிலுக்கான காற்று குறையும். இசியூ சமாளித்துப் பார்க்கும். தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதலாகத் திறந்து வைக்கப் பழகிக்கொள்ளும். ஓர் எல்லைக்கு மேல் அதனாலும் முடியாது. கரி பிசினாக இருந்தால் தட்டு மூடிய நிலையில் ஒட்டிக்கொள்ளும். மெதுவாக மிதித்தால் அசையாமல் இருந்து, பிறகு பிடி விட்டுக் குதிக்கும். கிளட்ச் விடும்போது வரும் அந்த ஜெர்க்குக்குப் பல நேரம் இதுதான் காரணம்.

சுத்தம் செய்வதிலும் முறை உண்டு. த்ராட்டில் பாடிக்கென்று விற்கும் கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும். உப்புத்தாளும் கம்பி பிரஷும் கிட்டேயே வரக்கூடாது. பல வண்டிகளில் அந்த இடத்தில் ஒரு பூச்சு இருக்கிறது, அது போனால் இடைவெளியின் அளவே மாறிவிடும். மோட்டார் வைத்த த்ராட்டிலில் தட்டை விரலால் பலமாகத் தள்ளக்கூடாது. உள்ளே சின்னப் பற்சக்கரங்கள் இருக்கின்றன. கேஸ்கெட்டை மறுபடி சரியாக உட்கார வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே புதுக் கசிவாகிவிடும்.

சுத்தம் செய்து மாட்டியதும் ஐடில் 1500-இல் நிற்கும் வண்டிகள் உண்டு. ஓனர் பதறிப்போவார். கரிக்குத் தகுந்தபடி தட்டைத் திறந்து வைக்கப் பழகிய இசியூ, சுத்தமான பிறகும் அதே அளவு திறக்கிறது என்பதுதான் விஷயம். அதற்குப் புது மூடு நிலையைப் பழக்க வேண்டும். சில வண்டிகளில் சாவியை ஆன் செய்து காத்திருந்து, பிறகு ஏசி, லைட் எதுவும் போடாமல் ஐடிலில் ஓட விட்டாலே போதும். சிலவற்றில் ஸ்கேனரில் அதற்கென்று இருக்கும் கட்டளையைக் கொடுக்க வேண்டும். பேட்டரி கழற்றி மாட்டிய பிறகு ஐடிலிங் தடுமாறுவது, இசியூ பழகியதை மறந்துவிடுவதால்தான். அந்த நேரத்தில் புது த்ராட்டில் பாடி வாங்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

கணக்கில் வராத காற்று

ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் தம் செடானைக் கொண்டுவந்தார். வேறிடத்தில் பிளக், காயில், பெட்ரோல் பம்ப் எல்லாம் மாற்றிய பிறகும் வண்டி அணைந்துகொண்டே இருந்தது. வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். ஏசியா, சூடா, காலையா என்று ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் சொன்னவர், “தம்பி, ஒண்ணு கவனிச்சிருக்கேன். வீட்டு கேட்டுக்குள்ள ரிவர்ஸ் எடுக்கும்போதுதான் நிச்சயமா ஆஃப் ஆகும்,” என்றார்.

“இதை முன்னாடி பார்த்தவங்ககிட்ட சொன்னீங்களாம்மா?”

“யாரும் கேக்கலையேப்பா.”

ரிவர்ஸ் போட்டு கிளட்ச் விடும்போது இன்ஜின் தன் மவுண்ட்டின் மேல் முன்னே போவதற்கு எதிர்ப்பக்கமாகச் சாயும். அந்தச் சாய்வில் இழுபடும் ரப்பர் எது என்று பார்த்தேன். ஏர் ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக ஒரு குழாய் இருக்கும். அதன் அடிப்பக்கத்து மடிப்பில் ஒரு வெடிப்பு. மேலிருந்து பார்த்தால் தெரியாது. குழாயை வளைத்தால் வாய் திறந்தது. அந்த வண்டியில் காற்றை அளக்கும் சென்சார் ஃபில்டர் பக்கத்தில் இருக்கிறது. அதைத் தாண்டிய பிறகு உள்ளே நுழையும் காற்று கணக்கில் வராது; அதற்கான பெட்ரோலும் கிடைக்காது. குழாயை மாற்றியதும் வண்டி சரியாயிற்று. பம்புக்குக் கொடுத்த பணத்தோடு ஒப்பிட்டால் அந்தக் குழாயின் விலை ஒன்றுமே இல்லை.

இதற்குத்தான் வேக்கம் லீக் என்று பெயர். “ஏர் எடுக்குது” என்போம். நம் ஊர் வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் ரப்பர் விறைத்து வெடிக்கும். மழைக்காலத்தில் கதகதப்புத் தேடி பானெட்டுக்குள் வரும் எலி ஹோஸையும் ஒயரையும் கடித்து வைக்கும். பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ், பிசிவி ஹோஸ், இன்டேக் கேஸ்கெட், இன்ஜெக்டர் ஓ ரிங் ஆகியவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும். ஐடிலில் பிரேக்கை மிதித்துப் பிடிக்கும்போது கால் பக்கத்தில் ‘உஸ்’ என்று சத்தம் நீடித்து, சுற்றும் மாறினால் பூஸ்டர் பக்கம் கசிவு.

ஸ்பிரே அடித்துப் பார்ப்பது பழைய வழக்கம். சூடான சைலன்சர் பக்கத்தில் எரியும் திரவத்தைத் தெளிப்பது ஆபத்து; வீட்டில் யாரும் செய்ய வேண்டாம். இன்ஜினை அணைத்துவிட்டு இன்டேக்குக்குள் புகையை மெல்லச் செலுத்தும் ஸ்மோக் டெஸ்ட் பாதுகாப்பானது. ஓட்டை இருக்கிற இடத்தில் புகை தானே எட்டிப் பார்க்கும்.

ஸ்கேனர் சொல்வதும் சொல்லாததும்

பிஎஸ் 4 புகைக் கட்டுப்பாட்டு விதிகளின் காலத்தில் வண்டி தன் கோளாறைத் தானே பதிந்து வைக்கும் ஏற்பாடு கட்டாயமாயிற்று. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் வந்த பிஎஸ் 6 வண்டிகளில் அது இன்னும் கறாராக இருக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் கோடு என்கிற கோளாறு எண் வரும். பி0506 என்றால் ஐடில் இருக்க வேண்டியதைவிடக் குறைவு. பி0507 என்றால் அதிகம். பி0171 என்றால் காற்றுக்குத் தகுந்த பெட்ரோல் இல்லை. பி0300 என்றால் பல சிலிண்டர்களில் மிஸ்ஸிங்.

கோடு தெருப் பெயரைச் சொல்லும்; வீட்டு எண்ணைச் சொல்லாது. பி0171 வந்தது என்பதற்காக ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவது வீண் செலவு. காற்று கூடியிருக்கிறது என்று ஒழுங்காக எச்சரித்ததே அந்தச் சென்சார்தான்.

கோடு எண்ணைவிட எனக்கு உதவுவது ஓடும் வண்டியின் லைவ் டேட்டா. அதில் ஃபியூயல் டிரிம் என்று ஒரு கணக்கு இருக்கும். இசியூ தன் அடிப்படை அளவைவிட எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதை அது காட்டும். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் கவலை வேண்டாம். ஆசிரியையின் வண்டியில் ஐடிலில் 20-க்கு மேல் கூட்டிக்கொண்டிருந்தது. 2500 சுற்றில் வைத்தபோது 5 அளவுக்கு இறங்கிவிட்டது. நிறையக் காற்று போகும்போது சின்ன ஓட்டையின் பங்கு சுருங்கிவிடும் என்பதால் இப்படி. இதற்கு நேர்மாறாக, ஐடிலில் சரியாக இருந்து, வேகம் கூடக் கூட டிரிம் ஏறினால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். ஃபில்டர், பம்ப் பக்கம் போக வேண்டும்.

மேப் சென்சார் மட்டும் வைத்த வண்டிகளில் இது வேறு மாதிரி நடக்கும். ஓட்டை வழியாக வந்த காற்றையும் அந்தச் சென்சார் அழுத்தமாக உணர்ந்துவிடுவதால் பெட்ரோல் சேர்ந்தே கிடைக்கும். டிரிம் பெரிதாக மாறாது, ஐடில் மட்டும் உயர்ந்து நிற்கும். எந்த முறையில் வண்டி காற்றை அளக்கிறது என்று தெரியாமல் எண்ணை மட்டும் பார்த்தால் தடம் தவறிவிடும். இன்னொன்று: எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அது கலந்த பெட்ரோலை இசியூ சற்றுக் கூடுதலாகத்தான் தெளிக்கும். டிரிமில் ஒரு சின்ன ஏற்றம் தெரிந்தால் அதைப் பழுதாக எண்ண வேண்டாம்.

கழற்றி எறியப்படும் தெர்மோஸ்டாட்

நம் பக்கத்தில் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. இன்ஜின் சூடேறிவிட்டது என்று வண்டி வந்தால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, “நம்ம ஊரு சூட்டுக்கு இது எதுக்குங்க?” என்பார்கள். தெர்மோஸ்டாட் ஊர்ச் சூட்டைப் பார்த்து வேலை செய்வதில்லை. இன்ஜின் தன் வேலை வெப்பத்துக்கு, பெரும்பாலான வண்டிகளில் 80 டிகிரிக்கு மேல், விரைவில் வந்து அங்கேயே நிற்க வேண்டும். கழற்றிவிட்டால் காலையிலும் மழையிலும் நெடுஞ்சாலையிலும் இன்ஜின் அந்த வெப்பத்துக்கு வராமலே ஓடும். இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று நம்பும் இசியூ ஐடிலை உயர்த்தியே வைத்து, பெட்ரோலையும் கூட்டித் தந்துகொண்டிருக்கும். மைலேஜ் விழும், பிளக் கறுக்கும்.

கூலன்ட் வெப்பத்தை அளக்கும் சென்சாரின் ஒயர் அறுந்தாலும் இதே குழப்பம். ஸ்கேனரில் மைனஸ் 40 டிகிரி என்று காட்டும் வண்டிகள் வரும். கோவையில் மைனஸ் 40 ஏது? அந்த எண்ணைப் பார்த்ததும் கனெக்டரைத்தான் தொட்டுப் பார்க்க வேண்டும்.

கேபிள் போய் மோட்டார் வந்த பிறகு

இன்றைய வண்டிகளில் ஆக்சிலேட்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே கேபிள் இல்லை. பெடலில் இரண்டு சென்சார், த்ராட்டிலில் இரண்டு சென்சார். ஒன்று சொல்வதை மற்றொன்று உறுதி செய்ய வேண்டும். இரண்டும் முரண்பட்டால் இசியூ எதையும் நம்பாது; மோட்டாருக்கு மின்சாரத்தை நிறுத்தும். ஸ்பிரிங் தட்டைச் சிறிது திறந்த நிலையில் நிறுத்தும். ஓரமாக ஊர்ந்து போகும் அளவுக்கு மட்டும் வண்டி ஓடும். மிதித்தாலும் வேகம் ஏறாது. பெரும்பாலும் கனெக்டரில் பச்சைக் களிம்பு, தளர்ந்த பின், எலி கடித்த ஒயர், அல்லது தேய்ந்த சென்சார். தண்ணீர் பீய்ச்சி இன்ஜின் கழுவிய மறுநாள் இப்படி வரும் வண்டிகள் உண்டு. கனெக்டரைப் பார்க்கும் முன் விலை உயர்ந்த த்ராட்டில் பாடியை ஆர்டர் செய்யக்கூடாது.

ஆக்சிலேட்டர் மாட்டிக்கொள்வது உயிருக்கே ஆபத்தானது. அதில் அலட்சியம் கூடவே கூடாது. 2009 ஆகஸ்டில் அமெரிக்காவில் சான் டியேகோ அருகே லெக்ஸஸ் கார் ஒன்று கட்டுக்கடங்காமல் ஓடி நால்வர் இறந்தார்கள். வேறு மாடலுக்கான தரை மேட்டில் பெடல் சிக்கியிருந்தது. டொயோட்டா நிறுவனம் லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தது. எலக்ட்ரானிக்ஸ்தான் காரணமோ என்ற கேள்வி எழ, அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை நாசா பொறியாளர்களைக் கொண்டு ஆராய்ந்தது. 2011 பிப்ரவரியில் வந்த முடிவு: ஆபத்தான வேகப் பாய்ச்சலுக்கு எலக்ட்ரானிக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை, பெடல் இறுகிக்கொள்வதும் மேட்டில் சிக்குவதும்தான் கண்டறியப்பட்ட இயந்திரக் காரணங்கள்.

ஆகவே உங்கள் காரில் டிரைவர் பக்கத்து மேட்டை இன்றே பாருங்கள். கொக்கியில் மாட்டியிருக்கிறதா, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு போட்டிருக்கிறீர்களா, பெடலை முழுதாக மிதித்தால் உரசுகிறதா? ஓடும்போது ஆக்சிலேட்டர் மாட்டிக்கொண்டால் பிரேக்கை ஒரே அழுத்தாக மிதித்துப் பிடியுங்கள். விட்டு விட்டு மிதித்தால் பூஸ்டரில் இருக்கும் வேக்கம் தீர்ந்து பிரேக் பெடல் கல்லாக இறுகிவிடும். கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். இன்ஜின் கத்தினால் கத்தட்டும். வண்டி ஓரமாக நின்ற பிறகு அணையுங்கள். ஓட்டத்தில் சாவியை உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

பணம் கொடுக்கும் முன்

ஐடிலிங் கோளாறு வந்தால் ஒரு வாரம் கவனித்து ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த நேரம், எவ்வளவு ஓடிய பிறகு, ஏசி இருந்ததா, எந்த கியர், முள் எங்கே நின்றது. முடிந்தால் மீட்டரை மொபைலில் வீடியோ எடுங்கள். பட்டறைக்கு வந்தால் சில கோளாறுகள் ஒளிந்துகொள்ளும். உங்கள் வீடியோ ஒளியாது. செக் லைட் எரிந்தால் அதை அழிக்கச் சொல்லாதீர்கள். அழித்தால் கோளாறு வந்த நொடியில் இசியூ பதிந்து வைத்த எண்களும் சேர்ந்து போய்விடும்.

பட்டறையில் “இதை மாத்தணுங்க” என்றால், “எதைப் பார்த்து அப்படிச் சொல்றீங்க?” என்று மரியாதையாகக் கேளுங்கள். டிரிம் எண்ணையோ, கசியும் புகையையோ, வெடித்த ஹோஸையோ கண்ணில் காட்ட முடிகிற மெக்கானிக்கிடம் தயங்காமல் வேலை கொடுங்கள். அவர் தேடுவதற்குச் செலவிட்ட நேரத்துக்கும் கூலி கொடுங்கள். நம் ஊரில் பாகத்துக்குப் பணம் கொடுக்கத் தயங்காதவர்கள், கண்டுபிடித்ததற்குக் கொடுக்கத் தயங்குகிறார்கள். அதனால்தான் பல பட்டறைகளில் பாகம் விற்பதே பிழைப்பாகிவிட்டது. காரணத்தைக் கண்டுபிடிப்பதற்குத் தனியாகக் கூலி என்று வந்துவிட்டால், குத்துமதிப்பாக மாற்றும் வழக்கம் தானே குறையும். என்னிடம் பழகும் பையன்களுக்கும் ஸ்பேனர் பிடிப்பதற்கு முன் நான் சொல்லித்தருவது ஓனரிடம் எப்படிக் கேட்பது என்பதைத்தான்.